ஒரு டன்னில் 8 கிராம்: சாதா ஸ்டீல் ‘அலாய் ஸ்டீல்’ ஆவது எப்படி?

இறக்குமதி ஸ்டீலுக்கு மத்திய அரசு போட்டிருக்கும் பாதுகாப்பு வரி பற்றிய செய்தி உங்கள் கண்ணில் பட்டிருக்கும். 2025 ஏப்ரல் 21-ல் 200 நாட்களுக்கான தற்காலிக வரியாக ஆரம்பித்தது. அதே ஆண்டு டிசம்பர் இறுதியில் மூன்று ஆண்டு வரியாக உறுதி செய்யப்பட்டது. முதல் ஆண்டு 12 சதவீதம், இரண்டாம் ஆண்டு 11.5, மூன்றாம் ஆண்டு 11. குறி முக்கியமாகச் சீனா மேல்தான். வியட்நாம், நேபாளத்திலிருந்து வரும் சரக்குக்கும் வரி உண்டு.

இதெல்லாம் செய்தியில் வந்துவிட்டது. ஆனால் அந்த அறிவிக்கையில் பொருளின் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பலர் கவனிக்கவில்லை. ‘ஸ்டீல்’ என்று மட்டும் எழுதவில்லை. ‘அலாய் அல்லாத மற்றும் அலாய் ஸ்டீல் தட்டைப் பொருட்கள்’ என்று இழுத்து எழுதியிருக்கிறார்கள். இரண்டுக்குமே ஒரே வரி என்றால் எதற்கு இரண்டையும் பெயர் சொல்லி எழுத வேண்டும்?

காரணம் இருக்கிறது. ஒரு டன் ஸ்டீலில் 8 கிராம் போரான் கலந்தால் போதும், உலகம் முழுக்கச் சுங்கத்துறையின் கணக்கில் அது ‘அலாய் ஸ்டீல்’ ஆகிவிடும். அந்த 8 கிராமை வைத்துப் பல வருஷம் பெரிய ஆட்டமே ஆடியிருக்கிறார்கள். அதைப் புரிந்துகொள்ள, முதலில் அலாய் ஸ்டீல் என்றால் நிஜத்தில் என்ன என்று பார்த்துவிடலாம்.

சரி, அலாய்னா என்ன?

பள்ளிக்கூடத்தில் ‘உலோகக் கலவை’ என்று படித்திருப்போம். அந்தக் கணக்குப்படி எல்லா ஸ்டீலுமே கலவைதான். இரும்பும் கொஞ்சம் கார்பனும் சேர்ந்ததுதான் ஸ்டீல். அதனால் ‘அலாய் ஸ்டீல்’ என்ற பேரே கொஞ்சம் குழப்பமானது. தொழிலில் அந்தப் பெயருக்கு அர்த்தம் வேறு: கார்பனைத் தவிர வேறு தனிமங்களையும் ஒரு வேலைக்காக, அளந்து, வேண்டுமென்றே சேர்த்த ஸ்டீல். குரோமியம், நிக்கல், மாலிப்டினம், மாங்கனீஸ், வனேடியம், சிலிக்கான், டங்ஸ்டன் என்று பட்டியல் நீளும்.

எதற்காகச் சேர்க்கணும்? கார்பன் மட்டும் போதாதா? கார்பன் கூடினால் ஸ்டீல் கடினமாகும், ஆனால் பொறுமை குறையும். அடி பட்டால் வளையாமல் உடையும். இது ஒரு சிக்கல். இதைவிடப் பெரிய சிக்கல் தடிமன்.

ஸ்டீலைக் கடினப்படுத்த, அதைப் பழுக்கக் காய்ச்சி, தண்ணீரிலோ எண்ணெயிலோ சட்டென்று குளிரவைப்பார்கள். பட்டறைக்காரர்கள் ‘ஹார்டனிங் கொடுக்கிறது’ என்பார்கள். வேகமாகக் குளிர்ந்தால்தான் உள்ளே கடினமான அமைப்பு உருவாகும். மெல்லிய கத்தி என்றால் பிரச்சினை இல்லை, முழுசும் ஒரே நேரத்தில் குளிர்ந்துவிடும். நாலு இன்ச் தடிமனான லாரி அச்சு என்றால்? பெரிய குண்டானில் வைத்த பொங்கல் மாதிரிதான். மேலே ஆறியிருக்கும், கரண்டியை உள்ளே விட்டால் ஆவி பறக்கும். அச்சின் வெளிப்பக்கம் கடினமாகிவிடும், நடுப்பகுதி மெதுவாகக் குளிர்ந்து சாதா ஸ்டீலாகவே தங்கிவிடும். ரொம்ப வேகமாகக் குளிர வைத்தாலோ விரிசல் விடும்.

இங்கேதான் அலாய் உதவிக்கு வருகிறது. குரோமியம், நிக்கல், மாலிப்டினம் போன்றவை சேர்ந்தால், மெதுவாகக் குளிர்ந்தாலும் உள்வரைக்கும் கடினமான அமைப்பு உருவாகும். தண்ணீருக்குப் பதில் எண்ணெயில் நிதானமாகக் குளிரவைத்தாலே போதும். விரிசல் பயமும் குறையும். கார், லாரி, டிராக்டர், ரயில் எதை எடுத்தாலும் சுழலும், முறுக்கும், இழுக்கும் பாகங்கள் பெரும்பாலும் இந்த ஒரு குணத்தை நம்பித்தான் ஓடுகின்றன.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லணும். அலாய் ஸ்டீல் வாங்கினால் மட்டும் பலம் வந்துவிடாது. ஹீட் ட்ரீட்மென்ட் செய்யாத அலாய் ஸ்டீல், பாதி சமைத்த சாப்பாடு. காசு போட்டு வாங்கி, அந்த வேலையைச் செய்யாமல் அப்படியே பொருத்துகிற ஆட்களும் இருக்கிறார்கள்.

லேத் பட்டறையில் புழங்கும் பெயர்கள்

கோவையிலோ அம்பத்தூரிலோ ஒரு ஸ்டீல் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் பேச்சைக் கேட்கலாம்.

“அண்ணே, இஎன்-24 இருக்கா?”

“எத்தனை எம்எம் தம்பி?”

இந்த ‘இஎன்’ எண்கள் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டன் கொண்டுவந்த வரிசை. பிரிட்டனே பிறகு வேறு எண்முறைக்கு மாறிவிட்டது. நம் கடைகளில் மட்டும் இன்றைக்கும் அதே பெயர்தான்.

இதில் இஎன்-8 அலாய் ஸ்டீலே கிடையாது. சுமார் 0.4 சதவீதம் கார்பன் உள்ள சாதா கார்பன் ஸ்டீல். சின்ன ஷாஃப்ட், போல்ட், சாவிக்கட்டை போன்றவற்றுக்குப் போதும். இஎன்-19-ல் ஒரு சதவீதம் அளவுக்குக் குரோமியமும் கொஞ்சம் மாலிப்டினமும் இருக்கும். இஎன்-24-ல் இவற்றோடு ஒன்றரை சதவீதம் அளவுக்கு நிக்கலும் சேரும்; கனமான அச்சு, பெரிய கியர், அடியும் முறுக்கும் சேர்ந்து விழும் இடங்களுக்குப் போகும். இஎன்-31 என்றால் பேரிங் ஸ்டீல். ஒரு சதவீதம் கார்பன், ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் குரோமியம். உங்கள் பைக் சக்கரத்துக்குள் உருளும் குண்டுகள் இந்தக் குடும்பம்தான்.

கியர்பாக்ஸ் பல்சக்கரத்துக்குக் கதை வேறு. பல்லின் மேல்பரப்பு தேயக் கூடாது. உள்ளே உடையவும் கூடாது. அதனால் கார்பன் குறைவான மாங்கனீஸ்-குரோமியம் ஸ்டீலில் பல்லை வெட்டிவிட்டு, பிறகு சூளையில் வைத்து மேல்தோலுக்கு மட்டும் கார்பனை ஊட்டுவார்கள். தோல் கல் மாதிரி, உள்ளே நார் மாதிரி.

ஜல்லி உடைக்கும் கிரஷரின் தாடைக்கு இன்னொரு அலாய். 1882-ல் இங்கிலாந்தின் ராபர்ட் ஹாட்ஃபீல்டு கண்டுபிடித்த மாங்கனீஸ் ஸ்டீல். 11 முதல் 14 சதவீதம் வரை மாங்கனீஸ். அடிக்க அடிக்க இதன் மேல்பரப்பு இன்னும் கடினமாகிக்கொண்டே போகும். எம்-சாண்ட் குவாரியிலும், ரயில் தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் கிராசிங்கிலும் இதைத்தான் போடுகிறார்கள்.

டிரில் பிட்டில் ‘ஹெச்எஸ்எஸ்’ என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஹை ஸ்பீடு ஸ்டீல். அதன் பிரபலமான எம்-2 ரகத்தில் டங்ஸ்டன் 6, மாலிப்டினம் 5, குரோமியம் 4, வனேடியம் 2 சதவீதம் அளவில் இருக்கும். ஓட்டை போடும்போது முனை சூடேறிச் சிவந்தாலும் கடினம் இறங்காது என்பதுதான் இதன் மதிப்பு.

அனல் மின் நிலையத்தின் கொதிகலனில் பிரச்சினை சூடு. அதுவும் வருஷக்கணக்கில் விடாத சூடு. 550 டிகிரிக்கு மேல், பெரும் அழுத்தத்தில், சாதா ஸ்டீல் குழாய் மெல்ல மெல்ல நீண்டு, கடைசியில் வெடிக்கும். திருச்சி பெல் ஆலையிலும் அதைச் சுற்றியுள்ள தொழிற்கூடங்களிலும் 9 சதவீதம் குரோமியம், 1 சதவீதம் மாலிப்டினம் கொண்ட குழாய்களைக் கையாள்வது இதற்காகத்தான். ஆயிரம் குழாய்களுக்கு நடுவே தவறிப்போய் ஒரே ஒரு சாதா குழாய் சேர்ந்துவிட்டால், முழு யூனிட்டும் நிற்கும். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும் என்பதுதான் வம்பு.

சுங்கத்துறையின் அகராதி வேறு

இதுவரை பார்த்தது எஞ்சினீயரின் கணக்கு: எந்த வேலை, அதற்கு எந்தத் தனிமம், எவ்வளவு. சுங்கத்துறைக்கு இது ஒத்துவராது. துறைமுகத்தில் நிற்கும் அதிகாரியிடம் ‘இது எந்த வேலைக்கு’ என்று கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. அவருக்கு ஒரு கோடு வேண்டும். கோட்டுக்கு இந்தப் பக்கம் என்றால் ஒரு கோடு எண், அந்தப் பக்கம் என்றால் வேறு எண்.

உலகம் முழுக்கப் பயன்படும் ஹெச்எஸ் வரிசையில் இரும்பும் ஸ்டீலும் 72-ஆம் அத்தியாயம். அதன் ஆரம்பக் குறிப்பில் ஒரு பட்டியல் உண்டு. குரோமியம் 0.3 சதவீதம், நிக்கல் 0.3, மாலிப்டினம் 0.08, மாங்கனீஸ் 1.65, வனேடியம் 0.1, நியோபியம் 0.06, போரான் 0.0008. இதில் ஏதாவது ஒன்று அந்த அளவையோ அதற்கு மேலோ தொட்டால் அது ‘மற்ற அலாய் ஸ்டீல்’. ஒன்றே ஒன்று போதும்.

குரோமியம் 10.5 சதவீதத்துக்கு மேல் போய், கார்பன் 1.2 சதவீதத்துக்குள் இருந்தால் அது தனி வகை: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

போரானின் எல்லையை இன்னொரு தடவை பாருங்கள். 0.0008 சதவீதம், அதாவது டன்னுக்கு 8 கிராம். இவ்வளவு சின்ன எண்ணை வைத்ததற்கு நியாயமான காரணம் இருக்கிறது. போரான் அவ்வளவு சக்தி வாய்ந்தது. சரியாகச் சேர்த்தால் பத்து, இருபது கிராமிலேயே ஸ்டீலின் கடினமாகும் திறனைத் தூக்கிவிடும். நிக்கல், மாலிப்டினத்துக்கு ஆகும் செலவு மிச்சம். வயலில் ஓடும் ரோட்டவேட்டரின் கத்தி, கார் கதவுக்கு நடுவே பக்கவாட்டு மோதலைத் தாங்கும் தூண், உயர் பல போல்ட் என்று போரான் ஸ்டீலுக்கு நல்ல வேலைகள் நிறைய.

ஆனால் ‘சரியாகச் சேர்த்தால்’ என்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. உருக்கிய ஸ்டீலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் போரானைப் பிடித்துக்கொள்ளும். பிடித்துவிட்டால் அந்தப் போரானால் உபயோகம் இல்லை. அதைத் தடுக்க முதலில் டைட்டானியம் சேர்ப்பார்கள். நைட்ரஜன் அதோடு போய் ஒட்டிக்கொள்ளும், போரான் தப்பிக்கும். அப்புறம் ஹீட் ட்ரீட்மென்ட்டும் செய்யணும்.

சுங்கத்துறைப் பட்டியலில் இந்த நிபந்தனை எதுவும் இல்லை. போரான் வேலை செய்கிறதா, சும்மா உட்கார்ந்திருக்கிறதா என்று கேட்பதில்லை. இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்கிறது.

இதற்கு நேர் எதிர் வேடிக்கையும் உண்டு. இன்றைய கார், லாரி சட்டங்களுக்குப் போகும் உயர் பல ஷீட்டில் நியோபியம் 0.03, 0.04 சதவீதம் போலச் சேர்ப்பார்கள். உருட்டும்போது வெப்பநிலையைத் துல்லியமாகக் கட்டுப்படுத்தி, சாதா ஷீட்டைவிட மிக அதிகப் பலம் வரவைக்கிறார்கள். எஞ்சினீயர் இதைப் பெருமையாக ‘மைக்ரோ அலாய் ஸ்டீல்’ என்பார். சுங்கப் பட்டியலிலோ நியோபியத்துக்கு எல்லை 0.06. ஆகவே இந்த ரகத்தில் பெரும்பாலானவை ‘அலாய் அல்லாதவை’. உண்மையில் உழைத்த ஸ்டீல் சாதாவாகிவிட்டது. போரான் தூவிய சாதா ஸ்டீல் அலாயாகிவிட்டது.

சீனாவின் 8 கிராம் கணக்கு

2010 ஜூலையில் சீன அரசு ஒரு முடிவு எடுத்தது. சாதாரண ஹாட் ரோல்டு ஸ்டீல் போன்றவற்றை ஏற்றுமதி செய்தால் கொடுத்துவந்த மதிப்புக் கூட்டு வரித் தள்ளுபடியை நிறுத்தியது. மின்சாரத்தையும் நிலக்கரியையும் தின்னும் மலிவு சரக்கை எதற்கு ஊக்குவிக்கணும் என்பது வாதம். உயர்தர அலாய் ஸ்டீலுக்கு மட்டும் தள்ளுபடி தொடர்ந்தது: 9 முதல் 13 சதவீதம் வரை.

அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம். சாதா ஸ்டீலில் கொஞ்சம் ஃபெரோ-போரான் தூவப்பட்டது. டன்னுக்கு 50 கிராம் சொச்சம் ஃபெரோ-போரான் போட்டாலே எல்லையைத் தொட்டுவிடலாம். கணக்குக்காக ஒரு டன் 500 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 9 சதவீதத் தள்ளுபடி என்றால் ஏறக்குறைய 45 டாலர். போரானுக்கு ஆகும் செலவு அதன் பக்கத்தில்கூட வராது. வாங்குபவர் கேட்டது சாதா ஸ்டீல், அவருக்குப் போய்ச் சேர்வதும் சாதா வேலைக்கான ஸ்டீல். கப்பல் ஆவணத்தில் மட்டும் ‘அலாய்’.

இதில் இரண்டாவது லாபமும் இருந்தது. பல நாடுகள் சீன ஸ்டீல் மீது பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட்டிருந்தன. அந்த ஆணைகளில் ‘கார்பன் ஸ்டீல்’ அல்லது ‘அலாய் அல்லாத ஸ்டீல்’ என்று எழுதியிருந்தால், போரான் கலந்த சரக்கு அதற்கு வெளியே நின்றது. அமெரிக்கா இதை முன்பே பார்த்துவிட்டது. சீனாவிலிருந்து போரான் கலந்து வந்த பிளேட்டுகள் வரியைச் சுற்றிப் போகும் தந்திரம்தான் என்று அமெரிக்க வணிகத் துறை 2009-லேயே முடிவு செய்தது.

அழுத்தம் கூடியதால், 2015 ஜனவரி 1 முதல் போரான் கலந்த ஸ்டீலுக்கான தள்ளுபடியைச் சீனா ரத்து செய்தது. கதை முடிந்ததா? இல்லை. பட்டியலில் அடுத்து யார் இருக்கிறார் என்று பார்த்தார்கள். 0.3 சதவீதம் குரோமியம் போட்டாலும் அலாய்தானே! செலவு கொஞ்சம் கூடும், இருந்தாலும் லாபம் நின்றது. அந்த 2015-ல் சீனாவின் ஸ்டீல் ஏற்றுமதி 11 கோடி டன்னைத் தாண்டியது. கடைசியில் 2021-ல் பெரும்பாலான ஸ்டீல் பொருட்களுக்குத் தள்ளுபடியையே சீனா எடுத்துவிட்ட பிறகுதான் அந்தப் பக்கத்துத் தூண்டுதல் அடங்கியது.

இறக்குமதி செய்யும் நாடு எப்படி வரி போடுகிறது என்பதைப் பொறுத்த இரண்டாவது லாபம் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. இந்திய அறிவிக்கையின் நீளமான தலைப்புக்குக் காரணம் அதுதான். 2015 செப்டம்பரில் ஹாட் ரோல்டு காயில்களுக்கு இந்தியா 20 சதவீதப் பாதுகாப்பு வரி போட்டபோதே ‘அலாய் அல்லாத மற்றும் மற்ற அலாய் ஸ்டீல்’ என்று இரண்டையும் சேர்த்து எழுதியது. 2025-லும் அதே ஜாக்கிரதை. அடிப்படைச் சுங்க வரியிலும் 2021 பட்ஜெட் அலாய், அலாய் அல்லாதது, ஸ்டெயின்லெஸ் மூன்றுக்கும் ஒரே 7.5 சதவீதம் என்று சமப்படுத்தியது. விகிதம் ஒன்றாகிவிட்டால் லேபிளை மாற்றி ஒட்டுவதில் லாபம் இல்லை. என் பார்வையில், வரியின் அளவைப் பற்றி எவ்வளவு சண்டை போட்டாலும், இப்படி எழுதியது சரியான காரியம்.

வலி யாருக்கு?

சீன வீட்டுமனைத் துறை படுத்ததில் அங்கே உள்ளூர்த் தேவை குறைந்தது. 2024-ல் அவர்கள் ஏற்றுமதி மறுபடியும் 11 கோடி டன்னுக்கு வந்தது. உலகின் இரண்டாவது பெரிய ஸ்டீல் உற்பத்தியாளரான இந்தியா, 2023-24-லும் 2024-25-லும் ஏற்றுமதி செய்ததைவிட அதிகமாக இறக்குமதி செய்தது. பெரிய ஆலைகள் பாதுகாப்பு கேட்டதில் ஆச்சரியம் இல்லை.

தமிழ்நாட்டுச் சிறு தொழில்களுக்கு இது எப்படி வந்து சேர்கிறது? இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாக்கிவிடலாம். அறிவிக்கையில் ‘அலாய் ஸ்டீல்’ என்று இருப்பதைப் பார்த்து, லேத்தில் கடையும் இஎன்-24 ராடுக்கும் 12 சதவீதம் வந்துவிட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். இல்லை. இந்த வரி தட்டைப் பொருட்களுக்கு மட்டும்: காயில், ஷீட், பிளேட், கோட்டிங் போட்ட ஷீட். சுங்கப் பட்டியலில் 7225, 7226 என்ற தலைப்புகள். வட்ட ராடு, சதுர ராடு எல்லாம் 7228. அவை இதில் இல்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் இல்லை. மோட்டார், டிரான்ஸ்ஃபார்மருக்குள் அடுக்கும் சிலிக்கான் ஸ்டீலும் இல்லை. ஆகவே கோவை பம்ப் மோட்டாரின் ஸ்டாம்பிங் தகடு இதிலிருந்து தப்பிவிட்டது.

மாட்டிக்கொண்டது பிரஸ் ஷாப்கள். ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், அம்பத்தூர் பக்கம் ஷீட்டை வெட்டி, அழுத்தி, வளைத்து வாகன பாகமோ, அலமாரியோ, மின் பெட்டியோ செய்பவர்கள். “நான் இறக்குமதியே பண்றதில்லையே, எனக்கென்ன?” என்றும் சொல்ல முடியாது. வெளிநாட்டுச் சரக்கின் விலை மேலே போனால், உள்ளூர் ஆலைக்கும் விலையை ஏற்ற இடம் கிடைக்கிறது. கணக்குக்கு டன் 50,000 ரூபாய் சரக்கு என்றால் 12 சதவீதம் 6,000 ரூபாய். அதில் எவ்வளவு உள்ளூர் விலையில் ஏறும் என்பது அந்தந்த மாதத்துச் சந்தையைப் பொறுத்தது. பெரிய கார் கம்பெனி ஆலையோடு நேரடி ஒப்பந்தம் போட்டுச் சமாளிக்கும். மாதம் ஐந்து டன் வாங்கும் பட்டறைக்கு அந்த வசதி கிடையாது.

வரியில் ஒரு விலை வாசலும் வைத்திருக்கிறார்கள். 2025 ஏப்ரல் அறிவிக்கைப்படி, ஹாட் ரோல்டு காயில் டன்னுக்கு 675 டாலர் அல்லது அதற்கு மேல் வந்தால் இந்த வரி கிடையாது. மலிவுச் சரக்கைத் தடுப்போம், விலை கூடிய தனி ரகங்களை விடுவோம் என்பது எண்ணம். நல்ல யோசனைதான். நிஜமான அலாய் ரகத்துக்கும் லேபிள் அலாய்க்கும் உள்ள வித்தியாசத்தை வேதியியலைவிட விலை நன்றாகக் காட்டிக்கொடுக்கும்.

வரியோடு இன்னொரு சுமையும் சேர்ந்தது. 2025 ஜூன் 13-ல் ஸ்டீல் அமைச்சகம் போட்ட ஆணைப்படி, இறக்குமதியாகும் ஸ்டீல் பொருள் மட்டுமல்ல, அதைச் செய்யப் பயன்பட்ட மூல ஸ்டீலும் பிஐஎஸ் தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். தரம் நல்ல விஷயம். ஆனால் ஏதோ ஒரு தனி ரகத்தைச் சின்ன அளவில் வரவழைப்பவருக்கு, இரண்டு கட்டத்துக்கும் சான்று தேடுவது பெரிய தலைவலி. வெளிநாட்டு ஆலைக்காரர் ஐந்து டன்னுக்காக இந்திய உரிமம் எடுக்க வரமாட்டார்.

அரசு கையில் ஊக்குவிப்புப் பக்கமும் இருக்கிறது. 2021 ஜூலையில் அறிவித்த 6,322 கோடி ரூபாய் சிறப்பு ஸ்டீல் ஊக்கத்தொகைத் திட்டத்தின் ஐந்து பிரிவுகளில் ஒன்று, ‘அலாய் ஸ்டீல் பொருட்களும் ஸ்டீல் கம்பிகளும்’. மின்சார ஸ்டீல் இன்னொரு பிரிவு. டிரான்ஸ்ஃபார்மர் தகட்டுக்கு வெளிநாட்டை நம்பியிருப்பதால்தான் அதை வரியிலிருந்து விட்டுவைத்தார்கள். உள்ளூரில் கிடைக்காத ரகத்துக்கு வரி போட்டால் தண்டனை வாங்குபவருக்குத்தானே.

வீட்டுக்குள் இருக்கும் அலாய்

பட்டறைப் பக்கமே போகாதவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. வீட்டில் அதிகமாக இருக்கும் அலாய் ஸ்டீல், எவர்சில்வர்தான். குரோமியம் போதுமான அளவு இருந்தால் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் உண்டாகும். கீறினால் தானே மறுபடி மூடிக்கொள்ளும். துருப்பிடிக்காததன் ரகசியம் அவ்வளவுதான்.

காந்தம் வைத்துப் பார்த்து, ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் உசத்தி என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. இது பாதிகூட உண்மை இல்லை. 430 ரகத்தில் நிக்கல் இல்லை, காந்தம் ஒட்டும். ஆனால் நேர்மையான ஸ்டெயின்லெஸ்தான். இண்டக்‌ஷன் அடுப்புப் பாத்திரத்துக்கு அடிப்பாகம் ஒட்டியே ஆகணும். 304 ரகத்தில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல், பொதுவாக ஒட்டாது. இதற்கு நடுவே 200 வரிசை என்று ஒன்று இருக்கிறது. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் போட்டது, விலை மலிவு. அதுவும் ஒட்டாது! ஆகவே காந்தம் 304-க்கும் 200 வரிசைக்கும் வித்தியாசம் சொல்லாது.

கடற்கரைப் பக்கம் வீடு என்றால் இது காசு விஷயம். ஈசிஆர் பக்கம் மாடிக் கைப்பிடியில் சில மாதத்திலேயே பழுப்புப் புள்ளிகள் வருவதைப் பார்க்கலாம். உப்புக் காற்றில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைக்கிறது. 304-கூடத் திணறும் இடம் அது. இரண்டு, மூன்று சதவீதம் மாலிப்டினம் சேர்த்த 316 இன்னும் நன்றாகத் தாங்கும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் கான்கிரீட்டுக்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி போட்டதற்கும் இதே உப்புக் காற்றுதான் காரணம். சாதா கம்பியைவிட விலை அதிகம். கடலுக்கு நடுவே கான்கிரீட்டை உடைத்துக் கம்பி மாற்றுவது அதைவிட அதிகம்.

சர்டிபிகேட்டில் எந்த வரியைப் பார்ப்பது?

பட்டறை வைத்திருப்பவர், வாங்கும் பிரிவில் வேலை பார்ப்பவர், புதிதாகச் சேர்ந்த எஞ்சினீயர், யாராக இருந்தாலும் ‘அலாய் ஸ்டீல்’ என்ற சொல்லை மட்டும் ஆர்டரில் எழுதாதீர்கள். அதில் தகவலே இல்லை. ரகம், தர எண், எந்த ஹீட் ட்ரீட்மென்ட் நிலையில் வேண்டும் என்பதை எழுதுங்கள். மில் டெஸ்ட் சர்டிபிகேட்டை வாங்குங்கள். அதில் உள்ள ஹீட் நம்பரும் சரக்கின் மேல் பெயின்ட்டிலோ அச்சிலோ இருக்கும் நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். ஜெராக்ஸ் சர்டிபிகேட் ஒன்றே பத்து லாட்டுக்குச் சுற்றி வருவது உண்டு.

கடையில் கையடக்கத் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியைச் சரக்கின் மேல் வைத்து, ‘பாருங்க, குரோம் இவ்வளவு, நிக்கல் இவ்வளவு’ என்று காட்டுவார்கள். எக்ஸ்-கதிர்க் கருவி அது. குரோமியம், நிக்கல், மாலிப்டினத்துக்கு நம்பலாம். கார்பனையும் போரானையும் அது காட்டாது, அவை அதன் கண்ணுக்கு எட்டாத லேசான தனிமங்கள். அதற்கு ஆய்வகத்தில் தீப்பொறி விட்டுப் பார்க்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேண்டும்.

ஷீட், பிளேட் வாங்குபவர்கள் சர்டிபிகேட்டின் கடைசி நெடுவரிசைகளைப் பாருங்கள். போரான் 0.0008-க்கு மேல் இருந்து, டைட்டானியம் பெயருக்குக்கூட இல்லாமல், சரக்கு சாதா கட்டுமான ரகம் என்று எழுதியிருந்தால், அந்தப் போரான் வேலைக்காக வந்தது அல்ல என்று சந்தேகப்படலாம். அதனால் பிளேட் உடனே கெட்டுவிடாது. ஆனால் வெல்டிங் செய்யும்போது பற்றுக்குப் பக்கத்துப் பகுதி எதிர்பார்த்ததைவிடக் கடினமாகி, விரிசல் விட வாய்ப்புண்டு. முக்கியமாகத் தடிமனான பிளேட்டில். வழக்கமாகப் பார்க்கும் கார்பன் சமன்பாட்டுக் கணக்கில் போரானுக்கு இடமே இல்லை, அதனால் காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் தெரியும். அந்தப் பிளேட்டை வெல்டர் கையில் கொடுப்பதற்கு முன்னால் போரான் அளவை அவரிடம் சொல்லிவிடுங்கள். முன்கூட்டிச் சூடேற்றணுமா, எந்த எலக்ட்ரோடு போடணும் என்பதை அவர் முடிவு செய்யட்டும்.